கண்ணை மட்டும் விட்டு

பேத்தியைச் சேர்க்க நடனப் பள்ளிக்குப் போயிருந்தோம். உள்ளே பலகையில் தட்டுக்கழி விழுந்ததும் அக்காவின் கை வலது காதுக்குப் போயிற்று.

திருத்தணியில் எங்களைப் பரதம் கற்கச் சேர்த்துவிட்ட அன்று நைனா, ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் சொன்னார்: "கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க வாத்தியாரே." வாத்தியார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஆடிக் கிருத்திகைக்குக் கோயிலில் ஆட வேண்டும். ஒத்திகையில் அக்கா தாளம் தப்பினாள். பலகையில் தட்டிக்கொண்டிருந்த கழி அவள் காதில் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கிப் பாவாடையில் சொட்டியது. "ஒண்ணும் ஆவல, ஆடு" என்றார். ஆடினாள்.

"போயி இன்னான்னு கேளுய்யா" என்று அம்மா அழுதாள். நைனா தறியை விட்டு எழுந்து வந்து, அக்காவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவலியே. நாமதான சொன்னோம்?"

மறுநாளும் அனுப்பினார். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

இங்கே சுவரில் ஆசிரியர்களுக்கான விதிகளைப் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். அக்கா கண்ணாடி கொண்டுவரவில்லை.

"இன்னாடி எழுதிகீது?"

"பிள்ளைகளை அடிக்கக் கூடாது" என்று, அவளுடைய இடப்பக்கம் போய் நின்று படித்துச் சொன்னேன்.