அலுமினியப் படிக்கட்டு

அழகாகப் படம் எடுப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் என் மனைவியின் முதுகெலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்ததை ஒரு வருடம் யாரும் பார்க்காமல் போனார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூடி வைத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் டாக்டரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. மெஷின் எங்கேயோ உழைத்து ஓய்ந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. இன்றைக்கு இருக்கும் புத்தி அதற்கு நாளைக்கு இருக்காது. ஒரே அளவு வைத்தாலும் ஒரு நாள் படம் வெளிறும், ஒரு நாள் கறுக்கும். நான் ஆளைப் பார்ப்பேன், உடம்பின் பருமனைப் பார்ப்பேன், கதிரின் அளவை மாற்றும் குமிழைக் கொஞ்சம் ஏற்றுவேன், கொஞ்சம் இறக்குவேன். படம் கறுப்பாக வந்தால் அதைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, அளவைக் குறைத்து இன்னொன்று எடுப்பேன். வெள்ளை வெளேரென்று எலும்பு தெரியும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கை ராசி அய்யா உனக்கு" என்பார். எனக்குத் தலை கால் புரியாது.

என் மனைவி முத்தாண்டிக்குப்பத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த இரண்டாம் வருடமே அவளுக்கு இழுப்பு தொடங்கியது. சுரங்கத்திலிருந்து காற்று எங்கள் பக்கம் வீசினால் நிலக்கரித் தூசி படிந்து காயப்போட்ட துணி பழுப்பாகிவிடும். அவள் நெஞ்சு விசிலடிக்கும். கிளினிக்கிலிருந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். அரை நாளில் மூச்சு சீரானது. அதிலிருந்து ஐந்து வருடம் அந்த மாத்திரையை நான்தான் கொண்டுவந்துகொண்டிருந்தேன். அவள் கன்னம் உப்பியது. முகம் பௌர்ணமி நிலவு மாதிரி ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. கை மட்டும் குச்சியாகவே இருந்ததை நான் கவனித்தேனா என்றால், இல்லை.

பிறகு முதுகு வலிக்கிறது என்றாள். குனிந்து கோலம் போட முடியவில்லை, பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தேன். முதல் படம் கறுப்பாக வந்தது. முதுகெலும்பு எங்கே, சதை எங்கே என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. மெஷினைத் திட்டிக்கொண்டே அதைப் பெட்டியில் போட்டேன். அளவைக் குறைத்து இரண்டாவது எடுத்தேன். என்ன அழகு! கட்டை கட்டையாக அடுக்கி வைத்த மாதிரி அத்தனையும் தெரிந்தன. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லை ஒரு வருடம் அவள் தலையில் போட்டு அரைத்தேன். "படத்துல ஒண்ணுமில்ல. வலி உன் மனசுலதான் இருக்கு" என்பேன். தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தால், "ஆரம்பிச்சுட்டா நாடகத்த" என்பேன். அவள் சிரித்து மழுப்புவாள். கதவின் மேல் தாழ்ப்பாளை முன்பெல்லாம் எளிதாகப் போடுவாள். இப்போது குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. அதற்கும் கேலி செய்தேன். முப்பத்து நான்கு வயதுப் பெண் ஏன் உயரம் குறைகிறாள் என்று கேட்கத் தோன்றாத நான், நாள் முழுக்க எலும்பு பார்க்கிற வேலையில் இருந்தேன்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஓர் இளம் டாக்டர் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். பெண்களுக்கு எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து எப்படிக் குறைகிறது என்று ஆராய்கிறவர். குவார்ட்டர்ஸில் இருக்கிற பெண்கள், சுற்றுக் கிராமத்துப் பெண்கள் என்று ஆள் சேர்த்து எல்லோருக்கும் இடது கையைப் படமெடுக்கச் சொன்னார். கைக்குட்டைக்குள் சுற்றி ஒரு பொருள் வைத்திருந்தார். விரல் நீள அலுமினியத் துண்டு. படிக்கட்டு மாதிரி எட்டுப் படி வெட்டியிருந்தது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் தடிமன்.

"கைக்குப் பக்கத்துல இதையும் வைங்க. ரெண்டும் ஒரே பிலிம்ல விழணும்" என்றார்.

"எதுக்கு சார்?"

"மெஷின் ஏமாத்தலாம், பிலிம் கழுவுற டெவலப்பர் ஏமாத்தலாம். ஏமாத்தினா எலும்பையும் அலுமினியத்தையும் சேர்த்துத்தான் ஏமாத்தணும். இந்த எலும்பு எத்தனையாவது படிக்குச் சமம்னு பார்த்தா உண்மை தெரிஞ்சுபோகும். இன்னொண்ணு, நீங்க குமிழைத் தொடவே கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவு. படம் அசிங்கமா வந்தா அசிங்கமாவே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. என் கைராசிக்கு இங்கே வேலையில்லை என்று சொல்கிறாரே என்று உள்ளுக்குள் புகைந்தேன். வந்த பெண்கள் யாரும் வளையலைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. புருஷன் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருக்கும்போது வெறுங்கையாக நிற்பதா என்றார்கள். முழங்கை வரை ஏற்றித் துணியால் கட்டிவிட்டுப் படமெடுத்தேன். இளம் டாக்டர் ஓர் அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, அதை எலும்பின் மேலும் படியின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். சுற்றியிருப்பது தெரிந்தால் கண் ஏமாந்துவிடுமாம். பெரும்பாலும் ஐந்தாவது படி, ஆறாவது படி என்று எழுதினார். படத்தின் மேல் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எலும்புள்ள ஒரு பெண் வேண்டும் என்று ஒரு நாள் சொன்னார். நான் முந்திக்கொண்டேன். "என் சம்சாரம் இருக்கா சார். முதுகையே படம் எடுத்துப் பார்த்தாச்சு. முத்து மாதிரி எலும்பு."

மறுநாள் அவள் வந்து கையை நீட்டினாள். மற்ற பெண்களுக்கு இழுத்து ஏற்ற வேண்டியிருந்த வளையல்கள் அவள் கையில் தாமாகவே முழங்கை வரை ஓடின.

சாயங்காலம் டாக்டர் அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். ஓட்டையை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். "இது எந்த ஊர்ப் பாட்டி? இரண்டாவது படிதான் வருது" என்றார்.

நான் நம்பரைப் பார்த்தேன். "பாட்டி இல்ல சார். என் சம்சாரம்."

அவள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருடம் என்றார். அதையும் சொன்னேன். மூச்சைக் காப்பாற்றுகிற அந்த மாத்திரையே எலும்பிலிருக்கும் சத்தை அரிக்கும் என்றார். பிறகு அவளுடைய முதுகுப் படத்தைக் கேட்டார். வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தேன்.

"நல்ல படம்" என்றார். "இது எத்தனையாவது முறை எடுத்தது?"

"ரெண்டாவது சார்."

"முதல் படம்?"

"கறுப்பா வந்துச்சு. மெஷின் கோளாறுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் அன்னைக்குச் சரியாத்தான் இருந்திருக்கு. எலும்புல தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம வெளிச்சம் நேரா பாஞ்சு பிலிமைக் கறுப்பாக்கியிருக்கு. நீங்க அளவைக் குறைச்சதும் அது மறைஞ்சுபோச்சு" என்றார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதுவரை அவள் கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது, ஒரு பலமான இருமல் போதும் ஒடிவதற்கு என்றார். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கறுப்புப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்குப் பதிலாக நானே குழாயடியில் குடம் தூக்கினேன், நானே மாவாட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கம். "என்னாங்க, திடீர்னு இம்மாம் பாசம்? கண்ணு பட்டுடப் போவுது" என்றாள். அவள் எழுந்தால் பயம், உட்கார்ந்தால் பயம். சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அப்போதெல்லாம் நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அவளிடம் சொல்லாமலே நான் மாத்திரையைக் குறைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்ததால் இழுப்பு பலமாக வந்தது. அடுப்படியில் நின்று இருமினாள். நான் எழுந்து போவதற்குள் நான்காவதிலோ ஐந்தாவதிலோ இருமல் சட்டென்று நின்றது. சுவரைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள என்னமோ நொறுங்குனாப்புல இருக்குதுங்க" என்றாள்.

நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். குமிழைத் தொடாமல் படம் எடுத்தேன். டார்க் ரூமில் பிலிம் டெவலப்பரிலிருந்து மேலே வரும்போதே தெரிந்துவிட்டது. மேலும் கீழும் சாம்பல் நிறத்தில் இருந்த எலும்புகளுக்கு நடுவில் ஒன்று பாதி உயரத்துக்கு நசுங்கியிருந்தது. ஈரம் சொட்டும் பிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

வெளியே வந்து, மேஜையில் படுத்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, இரண்டாவது படி, தூக்கிப்போட்ட படம், பதினோரு நாள் மறைத்தது எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன்; திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மேலே பார்த்தபடி கிடந்தாள்.

"அப்ப மெய்யாலுமே எனக்கு வலிச்சிருக்குதுங்களா?" என்றாள். "நீங்க சொல்லிக்கினே இருந்தீங்களா, ஒரு வருசமா நான்தான் பொய்யி சொல்லிக்கினு இருக்கேன்னு நெனச்சுட்டேங்க."