படத்தின் கீழ் இருந்த இரண்டு வரி

காலை பத்து இருபதுக்குத் துறைமுக வரைபட அறையின் தொலைபேசி அடித்தது. மகள் ஜெசிந்தாவின் பள்ளிக்கூட அதிபர், அவள் வரைந்த படம் பற்றிப் பேச என்னை உடனே வரச்சொன்னார். ஜெட்டி பிளான் ஒன்றின்மேல் மெல்லிய தாள் வைத்து, கோடு பிசகாமல் ட்ரேசிங் எடுத்துக்கொண்டிருந்தேன். அனுமதி கேட்டதும் பெரிய டிராஃப்ட்ஸ்மன் சிரித்தார்.

"தாயைப்போல மகளும் ட்ரேசரோ, தங்கச்சி? கள்ள ட்ரேசிங் எடுத்திட்டாளோ?"

அவர் பகிடிக்குச் சொன்னதுதான் பள்ளிக்கூடத்தில் குற்றச்சாட்டு.

சித்திர வீட்டுவேலை, பிடித்த ஓவியமொன்றைப் பார்த்து வரைவது. ஜெசிந்தா எங்கள் வீட்டுக் கலண்டரிலிருந்த புயல்கடலை வரைந்தாள். எங்கள் வேலையில் மூலம் யாருடையது, எந்தத் தாளிலிருந்து, எடுத்தவர் யார் என்று மூலையில் எழுதாமல் மேசையை விட்டு எழும்பமாட்டோம். அவளையும் அப்படியே எழுதவைத்தேன்: ஓவியரின் பெயர், கலண்டரின் பெயர், 'பார்த்து வரைந்தவர் ஜெசிந்தா'. சித்திர டீச்சர் அந்தப் படத்தை, பிள்ளைகளின் சொந்தப் படங்களுக்கான கண்காட்சிக்கு அனுப்பினார். முதற்பரிசு கிடைத்தது. பிறகுதான், அதே கலண்டர் நடுவர் ஒருவரின் வீட்டிலும் தொங்கியது தெரியவந்தது; அவர் அதிபருக்கு முறைப்பாடு அனுப்பியிருந்தார்.

அதிபரின் மேசையில் படம் கிடந்தது. கீழ் ஓரம் பிளேடால் வெட்டப்பட்டிருந்தது. எழுதிய இரண்டு வரியும் இல்லை.

"நான் எழுதினனான், சேர்," என்றாள் மகள்.

"எழுதினா எங்க?"

"வெட்டியிருக்கு, சேர். டீச்சரைக் கேளுங்கோ," என்றேன்.

"அவ லீவில அக்கரைக்கு, கட்டைபறிச்சானுக்குப் போயிட்டா. அவ வருமட்டும் பொறுக்க ஏலாது. நாளைக்குக் காலமை எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கட்டும். இல்லாட்டி விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கோ."

அரசாங்கச் சோதனை நெருங்கியிருந்தது. அந்த நேரத்தில் வேறு பள்ளிக்கூடம் எடுக்காது. மறுநாள் மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்டேன். 'யாருடைய படம் என்று எழுதாமல் விட்டது என் பிழை' என்று அவளைச் சொல்லவைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் தூரிகை தொடவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூலத்தின் பெயரை ஓரத்தில் எழுதாதீர்கள். கோடுகளுக்குள்ளே எழுதுங்கள். வெட்டுகிறவர் படத்தையும் சேர்த்தே வெட்டவேண்டி வரட்டும்.

மகள் மன்னிப்புக் கேட்ட அன்று பின்னேரம், டீச்சர் அக்கரையிலிருந்து லோஞ்சில் வந்திறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"கீழ எழுத்து இருந்தாப் பரிசு வராது எண்டு நான்தான் வெட்டினனான், அக்கா. பிள்ளை மன்னிப்புக் கேட்டிட்டாள்தானே? இனி ஒருத்தரும் இதைக் கதைக்கமாட்டினம். நீங்களும் விட்டிடுங்கோ."