மாதுளைத் தோலில் தோய்த்த விரிப்பு

கணவன் அல்லால் இறந்த முப்பத்தாறாம் நாள், அவன் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பைக் கெல்தூம் சாயத்தில் போட்டாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. செஃப்ரூ ஊரின் பழைய பகுதியில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சந்தில் அவர்களுடைய வீடு. கீழே அவளும் அல்லாலும் முப்பது வருடம் குடியிருந்தார்கள். மேலே அல்லாலின் அக்கா மஹ்ஜூபா. இளம் வயதிலேயே கணவனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டு மாடிக்கு வந்தவள். கெல்தூம் அவளை மரியாதையாக லல்லா என்று கூப்பிடுவாள். இரண்டு தளத்திலும் பிள்ளைகள் கிடையாது.

கெல்தூமைச் சாயக்காரி என்று யாரும் சொன்னதில்லை. சமையலறையில் ஒதுக்கிப் போடுவதில் எது நிறம் விடும், எது விடாது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். வெங்காயச் சருகு, மாதுளைத் தோல், வடிகட்டிய தேயிலை. மஞ்சளின் நிறம் வெயிலைக் கண்டால் ஓடிவிடும் என்பதால் அதை அவள் பெரிதாக மதிப்பதில்லை. வெளுத்த தலைத்துணி, கறைபட்ட மேசை விரிப்பு, அக்கா போட்டுத் தங்கைக்கு இறங்கிய கவுன் என்று சந்துப் பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான்கு நாளில் வேறு துணியாகத் திரும்ப வாங்கிப் போவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எந்தத் துணியையும் முதலில் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் அவிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய், வியர்வை, சாப்பாட்டுச் சிந்தல் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு படிகாரம், அதற்குப் பிறகுதான் சாயம். அவிக்காமல் போட்டால் துணி திட்டுத் திட்டாக நிறம் குடிக்கும். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை.

அல்லால் ஃபெஸ்ஸுக்கும் செஃப்ரூவுக்கும் இடையே ஆறு பேர் ஏறும் வாடகைக் கார் ஓட்டினான். ஒரு மதியம் பசியோடு வந்தவன், அடுப்பில் ஆறிக்கொண்டிருந்ததை ஒரு டம்ளர் ஊற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.

"என்ன டீ போட்டிருக்க? நாக்கு கட்டையாப் போச்சு."

"அது டீ இல்ல. உங்க அக்காவோட திரைச்சீலைக்கு வச்சிருக்கிற சாயம்."

"அப்போ அக்காகிட்ட சொல்லு, திரைச்சீலைக்குச் சர்க்கரை பத்தலைன்னு."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவனுக்குக் கோடை முடியும் நேரத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தொண்டையும் சரியாக வேலை செய்யவில்லை. மூன்று வாரம் வீட்டிலேயே கிடந்தான். பால் உள்ளே போனால் தெம்பு வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் மஹ்ஜூபா இறங்கி வந்து ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் கரண்டியால் ஊட்டுவாள். மாலையில் கெல்தூம், சுவர்ப் பக்கம் தரையில் மண்டியிட்டுக்கொண்டு. முடித்ததும் காலி டம்ளரை ஒருத்தி மற்றவளுக்குக் காட்டுவாள். "முழுசாக் குடிச்சிட்டான்" என்பாள் மஹ்ஜூபா. "இப்பவும் மிச்சம் வைக்கல லல்லா" என்பாள் கெல்தூம்.

இருபத்திரண்டாம் நாள் விடியும்போது அவன் போய்விட்டான்.

மஹ்ஜூபா அழுத அழுகை பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. கெல்தூமுக்கு அழுகை வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்த வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டாள். வெள்ளைத் தலைத்துணி, வெள்ளைக் காலுறை, வெள்ளைச் செருப்பு. நான்கு மாதம் பத்து நாள் இத்தா, கணவனை இழந்தவளின் துக்கக் காலம். அதுவரை நிறம் கூடாது, மை கூடாது, அத்தர் கூடாது, மருதாணி கூடாது. கணவன் வீட்டிலேயே அதை முடித்து, கடைசி நாள் ஹம்மாம் என்ற பொதுக் குளியல்கூடத்துக்குப் போய்க் குளித்து வெள்ளையைக் களைய வேண்டும். நடுவில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டால் அந்தப் பெண்ணின் பெயர் அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள், துவைத்த விரிப்பு கொடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு மஹ்ஜூபா மாடியிலிருந்து கத்தினாள்.

"அதை எடு கெல்தூம்! காத்துல அது ஆடுறது அவன் புரண்டு படுக்கிற மாதிரியே இருக்கு. யாருக்காவது கொடுத்துடு. என் கண்ணுல படவே கூடாது."

"சரி லல்லா."

சாயங்காலம், "கொடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"கொடுத்தாச்சு."

கொடுக்கவில்லை. மடித்து மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நல்ல துணி, கெட்டி நெசவு. துணியைத் தூக்கிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

முப்பத்தாறாம் நாள் வெள்ளிக்கிழமை. மஹ்ஜூபா தம்பியின் கப்ரைப் பார்க்க அடக்கத்தலத்துக்குப் போயிருந்தாள். மாதுளை மலிந்திருந்த பருவம். துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பழங்களின் தோல் ஒரு கூடை நிறையக் காய்ந்துகிடந்தது. கெல்தூம் எதையும் தீர்மானித்துச் செய்யவில்லை. தோலை நொறுக்கி, பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து வடிகட்டினாள். விரிப்பை எடுத்துப் படிகாரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே போட்டாள். நிறம் மாறிவிட்டால் அது வேறு துணி. மஹ்ஜூபாவுக்கும் அடையாளம் தெரியாது.

துணியை அவிக்கவில்லை. அவிக்கவில்லை என்பதே அவளுக்கு நினைவில் இல்லை. மரக்கோலைத் தேடாமல் இரண்டு கையையும் உள்ளே விட்டுப் புரட்டினாள். வெளியே எடுத்த கை முழங்கைவரை சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் தண்ணீர் சூடு என்று தெரிந்துகொண்டாள்.

பின்கட்டில் நிழலில் காயப்போட்டதும் பார்த்தாள். மங்கிய கடுகு நிறம். மேல் பாதியில் ஆங்காங்கே அடர்ந்த பழுப்புத் திட்டுகள், சொட்டுச் சொட்டாக, சில இடத்தில் ஒழுகியதுபோல் நீண்டு. அவிக்காமல் போட்டது அப்போதுதான் உறைத்தது. வேறு நாளாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். சரி, கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் நினைத்தாள். காய்ந்ததும் மடித்து மறுபடியும் மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

நகங்களிலும் விரல் நுனிகளிலும் கறை ஏறியிருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

நாற்பதாம் நாள் வீடு நிறையக் கூட்டம். மேலே ஆண்கள் ஓதினார்கள். கீழே பெண்கள் கூஸ்கூஸ் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பிடும் முன் விருந்தாளிகளின் கையில் தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்காரியின் வேலை. கெல்தூம் பித்தளைத் தட்டத்தையும் கெண்டியையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தாள். எதிர்வீட்டு ஸுஹூரின் முறை வந்தது. ஸுஹூர் காதில் விழுந்தது மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

ஸுஹூர் தண்ணீருக்குக் கை நீட்டியவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"கெல்தூம், என்னம்மா இது விரல்ல?"

எல்லாருடைய பார்வையும் திரும்பியது. வெள்ளைக் கைவிளிம்புக்குக் கீழே பத்து நகமும் ஆரஞ்சும் பழுப்புமாக இருந்தன. பத்து நாள் பழகிய மருதாணி அச்சாக அப்படித்தான் இருக்கும்.

"மாதுளைத் தோல்" என்றாள் கெல்தூம்.

"மாதுளைத் தோலா? எந்தத் துணிக்கு? நாப்பது நாளா உன்கிட்ட யாரு துணி கொடுத்தா? நான் கொடுக்கல. நீ கொடுத்தியா அத்தை?"

அதற்குள் ஒரு வாய் போட்டுவிட்டிருந்த பக்கத்துக் கிழவி காது கேளாமல், "உப்பு போதும்மா, நல்லாருக்கு" என்றாள். இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கத் தலைகுனிந்தார்கள். மஹ்ஜூபா சிரிக்கவில்லை. அவள் கெல்தூமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காகக் காத்திருந்தாள். விரிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பொருளை எப்படிச் சொல்வது? கெல்தூம் கெண்டியைச் சாய்த்தாள். தண்ணீர் ஸுஹூரின் கையில் விழாமல் தட்டத்தில் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் மஹ்ஜூபா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நானும் இத்தா இருந்தவதான். இருபத்தாறு வயசுல. ஒரு பூவைக்கூட மோந்து பாக்காம இருந்தேன். உனக்கு நாப்பது நாள் பொறுக்க முடியலையா?"

"மருதாணி இல்ல லல்லா."

"அப்போ என்னது? சொல்லு. கேட்டுக்கிறேன்."

கெல்தூம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் போன அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ. கல்லு மாதிரி நின்ன. சரி, மனசுக்குள்ள அழுவான்னு நானே எல்லார்கிட்டயும் உனக்காகப் பேசினேன். இப்போ என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" மஹ்ஜூபாவின் குரல் இறங்கிவிட்டது. "உன் தம்பிக்குச் சொல்லியாச்சு. காலையில வருவான். மிச்ச நாளை உங்க வீட்டுல இருந்துக்கோ."

கெல்தூம் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றாள். தான் பயப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தாஸாவில், பிறந்த வீட்டில், தம்பி மனைவி என்ன சொல்வாள் என்று தெரிந்தது. இந்தச் சந்துக்கு இனித் திரும்பி வர முடியாது என்றும் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை.

காலை எட்டு மணிக்குத் தம்பி இத்ரீஸ் தன் காய்கறி வேனில் வந்து இறங்கினான். முற்றத்தில் நின்று தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அக்கா, நீ ஏதாவது சொல்லேன்" என்றான்.

"என்ன சொல்ல? கொஞ்சம் இரு, துணியை எடுத்துட்டு வந்துடறேன்."

பெட்டி கிடையாது. இங்கே வந்த நாளிலிருந்து அவள் எங்கும் போகவில்லை. மூட்டை கட்ட ஏதாவது பெரிய துணி வேண்டும் என்று மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து விரிப்பை எடுத்தாள். அறைத் தரையில் விரித்து, நடுவில் தன் வெள்ளை உடைகளை வைத்தாள். சாவியை வாங்கிக்கொள்ள வந்த மஹ்ஜூபா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஓரத் தையலைப் பார்த்தாள். அந்தத் தையல் அவளே போட்டது.

"இதைக் கொடுத்துட்டேன்னு சொன்ன."

"கொடுக்கல. சாயத்துல போட்டேன். அந்தக் கறைதான் கையில."

மஹ்ஜூபா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். துணியின் மேல் பாதியில் இருந்த திட்டு ஒன்றை விரலால் தொட்டாள். பிறகு அடுத்ததை.

"இது என்ன?"

"அவிக்காமப் போட்டுட்டேன். துவைச்சும் சிந்தினது எல்லாம் துணியிலேயே இருந்திருக்கு. அந்த இடத்துல நிறம் கூடப் பிடிக்கும்."

"என்ன சிந்தினது?"

கெல்தூம் அப்போதுதான் துணியைச் சரியாகப் பார்த்தாள். தலைமாடு அந்தப் பக்கம். தோள் இருந்த உயரத்தில், வலது பக்கம் திட்டுகள், ஜன்னல் பக்கம். அதே உயரத்தில் இடது பக்கமும், சுவர்ப் பக்கம். நடுவில், அவன் கிடந்த அளவுக்கு, ஒரே சீரான கடுகு நிறம்.

"பால்" என்றாள்.

மஹ்ஜூபா வலது பக்கத்துத் திட்டுகளைக் கையால் மூடப் பார்த்தாள். ஒரு கைக்குள் அடங்கவில்லை.

"உள்ளேயே போகல கெல்தூம். ரெண்டு கரண்டிகூடப் போகாது. கடைவாய்ல வழிஞ்சிடும். மிச்சத்தைத் தொட்டியில ஊத்திட்டு உன்கிட்ட டம்ளரைக் காட்டுவேன். நீ கும்பிடாத குறையா அந்த டம்ளரைப் பாப்ப. எப்படிச் சொல்றது?"

"தெரியாது லல்லா. எனக்கு அது தெரியாது."

"அப்போ இந்தப் பக்கம்?" மஹ்ஜூபா இடது பக்கத்தைக் காட்டினாள்.

"அது நான்."

"மிச்சம் வைக்கலன்னியே?"

"நீங்க காலையில முழு டம்ளர் குடுத்தேன்னு சொல்லும்போது, என்கிட்ட மட்டும் குடிக்க மாட்டேங்குறான்னு நினைச்சேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

முற்றத்தில் இத்ரீஸ் இருமினான். மஹ்ஜூபாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இந்த முறை சத்தம் இல்லை. கெல்தூம் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

"இதைத் திரும்ப அவிச்சா இந்தத் திட்டு போயிடுமா?"

"கொஞ்சம் போகும். சோடா கூடப் போட்டா முழுசும் போகலாம்."

"அவிக்காதே" என்றாள் மஹ்ஜூபா.

சுவரைப் பிடித்து எழுந்தாள். ஜன்னலுக்குப் போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள். எதிர்வீட்டில் ஸுஹூர் கம்பளம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸுஹூர்! அது மருதாணி இல்ல. மாதுளைத் தோலு. என் தம்பி விரிப்புக்குச் சாயம் போட்டிருக்கா. நேத்து சாயங்காலம் எந்தெந்த வீட்டுக்குப் போனியோ அந்தந்த வீட்டுக்கு இன்னைக்கும் போ."

"நான் எங்க லல்லா போனேன்? ரெண்டே ரெண்டு வீடு!"

"அந்த ரெண்டு போதும், மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க."

கதவைச் சாத்திவிட்டு முற்றத்தை எட்டிப் பார்த்தாள். "இத்ரீஸ், ரொட்டி சூடா இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ. இவ வரல. இத்தா முடிய இன்னும் மூணு மாசம் கிடக்கு."

இத்ரீஸ் எதுவும் புரியாமல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

கெல்தூம் விரிப்பின் நடுவிலிருந்து தன் உடைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். விரிப்பின் ஒரு முனையை மஹ்ஜூபா பிடித்தாள், மறுமுனையை அவள். இருவரும் எதிரெதிரே நடந்துவந்து மடித்தார்கள். மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை. மறுபடியும் பிரித்து மடித்தார்கள்.