சாக்குத் தையல் பிரியும் சத்தம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே கண்டக்டருக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த மனிதரை நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்? வீட்டைச் சுற்றினார், கொல்லைக்கு வந்தார். கொல்லை அவர் மனைவியின் ராஜ்ஜியம். நான்கு கறவைப் பசுக்கள், சுட்டி என்று ஒரு கிடேரி, நீளமாக ஒரு கொட்டகை, அதன் மூலையில் ஆள் உயரத்துக்குக் காலித் தீவனச் சாக்குகள்.

"இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கே?"

"எதுக்கும் இல்ல. தூக்கிப் போட மனசு வரல, கெடக்கு. வேணும்னா நீங்க எடுத்துக்கங்க."

அந்த அம்மாள் யோசிக்காமல் விட்ட வார்த்தை அது. அப்புறம் எத்தனையோ முறை அதை நினைத்து நொந்துகொண்டாள்.

முதலில் கண்டக்டரை இழுத்தது தையல்தான். மேல்வாயைப் பிரித்துத் தீவனத்தைக் கொட்டியாகிவிட்டது. சாக்கை விரித்துத் துணியாக்க வேண்டுமென்றால் அடித்தையலையும் பிரிக்க வேண்டும். ஒரு முனையில் இழுத்தால் முடிச்சு விழுந்து மல்லுக்கட்டுகிறது. இன்னொரு முனையில் இழுத்தால் 'பர்ர்ர்' என்று ஒரே மூச்சில் மொத்த நூலும் கையோடு வந்துவிடுகிறது. ஏன்? இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து அதையே ஆராய்ந்தார். ஒற்றைக் கோடாகத் தையல் தெரிகிற பக்கத்தை நம்மைப் பார்க்கத் திருப்பி, வலது ஓரத்தில் நூலை வெட்டி இழுக்க வேண்டும். கண்டுபிடித்ததும் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். காஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடத் தப்பவில்லை.

பிறகு பழைய தையல் மிஷினைத் தூசு தட்டினார். கடைக்குப் போக இரண்டு பை வந்தது. ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை வந்தது. மண் நிரப்பிய சாக்குகளில் கத்தரிச் செடி காய்த்தது. கொட்டகை ஜன்னலுக்கு வெயில் மறைப்பு தொங்கியது. பால் கறக்கும்போது சேலை நனையாமல் இருக்க மனைவிக்கு ஒரு முன்மறைப்பு தைத்தார். சாக்கில் அச்சடித்திருந்த மாட்டுப் படம் எப்படியோ தலைகீழாகப் போய்விட்டது.

"அக்கா, உன் வயித்துல மாடு தலைகீழா நின்னு சிரிக்குது" என்றான் அவள் தம்பி. லாரி ஓட்டுகிறவன், அடுத்த தெருவில் இருக்கிறான், அக்கா கணவரைக் கேலி செய்யக் கிடைத்த வாய்ப்பை விடமாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் கண்டக்டர் இன்னொன்றைக் கவனித்தார். அவர் நூலை உருவும்போதெல்லாம் கொட்டகையில் படுத்திருக்கிற மாடுகள் எழுந்து நிற்கின்றன. உடனே சோதனை தொடங்கிவிட்டது. வாளியைத் தட்டினார், திரும்பிப் பார்த்ததோடு சரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், காதை ஆட்டின. பழைய விசிலை எடுத்து ஊதினார்; ஊரே கேட்ட விசிலை மாடுகள் சட்டை செய்யவில்லை. சாக்கைக் கசக்கினார், அரைமனதாக ஒன்று எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போய் நூலை உருவினார். 'பர்ர்ர்.' ஐந்தும் எழுந்து கழுத்தை நீட்டின. சுட்டி நாக்கையே நீட்டிவிட்டது. புது மூட்டை பிரிகிற சத்தம் என்றால் அவற்றுக்குச் சாப்பாடு என்று அர்த்தம்.

கண்டக்டருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மனைவிக்குக் கோபம் வந்தது.

"சினையா இருக்கிற சுட்டி மூச்சு வாங்க எழுந்து வர்றா. வந்து பார்த்தா வெறும் சாக்கு. வாயில்லாத ஜீவனை ஏங்க இப்படி ஏமாத்துறீங்க? ஒரு நாள் நெசமாவே கூப்பிடும்போது வரமாட்டா, பாருங்க."

"நான் எங்கம்மா ஏமாத்துறேன்? நூலைத்தானே பிரிக்கிறேன்" என்றார். ஆனாலும் அது அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

சுட்டிக்கு அது தலைச்சன் பிரசவம். மாட்டு டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கன்று பெரிது, ஈனும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தாயும் பிழைக்காது, கன்றும் பிழைக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து மனைவி அதன்மேல் ஒரு கண் வைத்தபடியே இருந்தாள்.

பழைய கயிறு சுட்டியின் கழுத்தை உராய்ந்து புண்ணாக்கியது. பார்க்கப் பொறுக்காமல் கண்டக்டர் புதுக் கயிறு ஒன்று பின்னினார். எதில்? ஆறு மாதம் ஜன்னலில் தொங்கிய வெயில் மறைப்பில். வெயில் தின்ற அதன் நடுப்பகுதி தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. ஓரம் பார்க்க நன்றாக இருந்ததால், அதை மட்டும் நாடாவாகக் கிழித்து மூன்று புரியாகப் பின்னினார். நடு உதிர்கிறது, ஓரம் ஏன் உதிரவில்லை என்று யோசிக்கவும் செய்தார். யோசித்தவர் இழுத்துப் பார்த்திருக்கலாம். அதைச் செய்யவில்லை.

மறுநாள் காலை மனைவி பால் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது, கண்டக்டர் சுட்டியைக் கட்டியிருந்த மரத்தடியில் அரைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அறுந்த முனை நார் நாராக விரிந்திருந்தது.

"சுட்டி எங்க?"

அவர் அறுந்த முனையை நீட்டிக் காட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் தீவனப்புல் வயல், அதைத் தாண்டினால் முள்ளும் புதருமாக ஓடைக்கரை. ஈனப்போகிற மாடு ஒளிந்துகொள்ளத்தான் பார்க்கும். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போனான். இவர்கள் இருவரும் இரண்டு மணி நேரம் தேடினார்கள். மனைவிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கண்டக்டர் முள்ளில் கிழிந்த காலோடு பின்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

புல் வயலின் ஓரத்தில் நின்று அவள்தான் சொன்னாள்: "போய்ச் சாக்கை எடுத்துட்டு வாங்க. நூலை உருவுங்க."

"நான்தான் அவளை நாப்பது தடவை ஏமாத்திட்டேனே. இனிமே நம்புவாளா?"

"எனக்கு என்ன தெரியும்? போங்க."

புது மூட்டை மறுநாள்தான் வரும். இருந்த காலிச் சாக்குகளை எல்லாம் பையாக்கி, உறையாக்கித் தீர்த்திருந்தார். அடித்தையல் பிரிக்காமல் மிச்சம் இருந்தவை மூன்றே மூன்று. வீட்டு மிஷின் போடுகிற தையல் அப்படிப் பிரியாது. ஆக, மூன்று சத்தம்தான் கையிருப்பு. மூன்றையும் அள்ளிக்கொண்டவர் ஏதோ தோன்ற, தொட்டியின் அடியில் கிடந்த தீவனத்தையும் ஒரு பிடி அள்ளி வந்தார். மனைவி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதல் சாக்கை வயலோரத்தில் நின்று உருவினார். 'பர்ர்ர்.' காத்திருந்தார்கள். புல் அசைந்தது. காற்றுதான்.

இரண்டாவது சாக்கை ஓடைக்கரையில் எடுத்தார். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் தப்பான முனையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு விழுந்தது. இழுக்க இழுக்க இறுகியதே தவிரச் சத்தம் வரவில்லை. கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னால முடியலம்மா. நீ இழு" என்று மூன்றாவதை அவளிடம் நீட்டினார்.

"எந்தப் பக்கம்னு எனக்கு எங்கே தெரியும்? நீங்க சொன்னப்போ நான் எங்கே கேட்டேன்?"

அவர் சாக்கைத் திருப்பினார். ஒற்றைக் கோடு தெரியும் பக்கம். வலது ஓரம். பல்லால் நூலைக் கடித்து, இரண்டு முனைகளையும் பிரித்து அவள் விரலில் சுற்றிவிட்டு, சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள்.

'பர்ர்ர்ர்.'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கரைக்குக் கீழே நாணல் புதருக்குள்ளிருந்து ஒரு முனகல், மிகவும் தாழ்வாக, "ம்ம்மே" என்று.

சுட்டி வரவில்லை. வரமுடியாமல் படுத்துக் கிடந்தது. கன்றின் இரண்டு முன்னங்குளம்புகள் வெளியே தெரிந்தன. மனைவி மண்டியிட்டாள். குளம்பு கையில் நிற்காமல் வழுக்கியது. "சாக்கைக் குடுங்க!" என்றாள். அந்தச் சொரசொரப்பான சாக்கைக் காலில் சுற்றிப் பிடித்ததும் பிடி நின்றது. சுட்டி முக்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு கேட்டபோது கண்டக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஈரமும் சூடுமாக ஒரு பெரிய காளைக்கன்று அவர் மடியிலேயே வந்து விழுந்தது. மனைவி அதன் மூக்கைத் துடைத்தாள். அது ஒரு தும்மல் போட்டது.

"தும்மிட்டான்" என்று சொல்லி அவள் அழுதுவிட்டாள்.

தம்பி தேடி வந்து சேர்ந்தான். கன்றை மேட்டுக்குக் கொண்டுபோக, முடிச்சு விழுந்த சாக்கை அவன் கத்தியால் கிழித்து விரித்தார்கள். அவன் ஒரு பக்கமும் கண்டக்டர் ஒரு பக்கமும் பிடிக்கத் தயாராக நின்றார்கள். தம்பிக்கு அன்று கேலி செய்யத் தோன்றவில்லை.

அதற்குள் சுட்டி தள்ளாடி எழுந்து கன்றை நக்கியது. நக்கி முடித்துவிட்டு, மெதுவாகக் கண்டக்டரிடம் வந்தது. அவர் கையை மோந்தது. தோளை மோந்தது. கீழே கிடந்த வெறும் சாக்குக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு பிடியை அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இந்தாம்மா" என்று கண்டக்டர் கையை நீட்டினார். "இந்தத் தடவை நெசம்தான்."