ஜும்மாவில காலியான கதிரை

இன்டைக்கு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கு ஜும்மாத் தொழுகைக்குப் போனா, எனக்குப் பக்கத்துக் கதிரை காலி.

நானும் நவாஸ் நானாவும் உப்பு மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போன ஆக்கள். கடைசி ஸப்பு வரிசையில கதிரை போட்டு உக்காந்துதான் தொழுவம். முதுகில ஒப்பரேஷன் செஞ்சு தேறி வந்த நானா, இன்டைக்கு முன் ஸப்பில நிலத்தில நெத்தி வெச்சு ஸுஜூது செய்றார்!

எனக்கு வயிறு எரிஞ்சுது.

எனக்கும் அந்த ஒப்பரேஷனச் செய்ங்க எண்டு போன மாசம்தான் கிளினிக்கில கேட்டன். "கால் விறைச்சு, நரம்பு நசிஞ்சாத்தான் அதப் பத்தி யோசிக்கிற. உங்களுக்கு இப்ப எக்சசைஸ் போதும்" எண்டார் டொக்டர்.

தொழுகை முடிய, நானாக்கிட்ட இதச் சொல்லிப் புலம்பினன்.

"கத்தி வைக்காமச் சுகமாகலாம் எண்டா அல்ஹம்துலில்லாஹ் சொல்லுடா. எக்சசைஸ் செய்றியா?"

நான் செருப்பத் தேடப் போயிட்டன்.

அடுத்தவர்ட ஸுஜூதப் பாத்துப் பொறாமைப்பட்டுத் தொழுத தொழுகை கூடுமா, இல்ல செல்லாமப் போயிடுமா? தெரிஞ்ச மௌலவிமார் சொல்லுங்க. எக்சசைஸ் பத்தி மட்டும் ஒருத்தரும் கேக்க வேணாம்.