சிடி பார்த்துக் கற்ற இத்தாலியோடு குமுளிக்கு

கடமலைக்குண்டில் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே வந்து நின்றேன். பஸ் வராமல் போய்விடுமோ என்று பயம். வந்துவிட்டால் ஏற வேண்டுமே என்று அதைவிடப் பயம். 2007ஆம் வருடம், மாசி மாதம். குமுளியில் தங்கியிருக்கும் ஆஞ்செலா என்ற இத்தாலியப் பெண்மணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

என் தம்பி செல்வம் குமுளியில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்து, அந்தப் பழக்கத்தில் இத்தாலிக்குப் போனவன். அங்கே கூட வேலை செய்யும் பவுலாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பவுலாவின் தாயார்தான் ஆஞ்செலா. இவனுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தால் என்ன செய்வது என்பது அந்தம்மாவின் சந்தேகம். சுற்றுலாவாகத் தேக்கடிக்கு வருகிறவர், ஒரு நாள் ஒதுக்கி வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். செல்வம் அங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே அவனுக்குப் பதிலாக ஒரு பொட்டலம் சிடி வந்தது. அங்கத்து டிவியில் பதிவு செய்த ஒரு சமையல் நிகழ்ச்சி, ஒரு போலீஸ் தொடர், ஒரு கேள்வி பதில் போட்டி. "சும்மா பாத்துக்கிட்டே இரு அக்கா, தன்னால வந்துரும்" என்றான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சமையல் பிடிபட்டது. வெங்காயத்தை எடுக்கும்போதெல்லாம் 'சிப்போல்லா' என்றால் எவளுக்கும் விளங்கும். போலீஸ் தொடரைத்தான் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர், "அந்த இன்ஸ்பெக்டரப் பாத்துப் பாத்து ஒனக்கும் மீச மொளைக்கப் போகுது" என்பார். ஐந்து மாதம் இப்படிப் போனது.

தேனியில் வண்டி மாறினேன். குமுளிக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், இருபத்தோரு ரூபாய் டிக்கெட். சின்னமனூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னாத்தா மொனங்கிக்கிட்டே வாரே? வேண்டுதலா?"

"இல்லக்கா. இத்தாலிப் பாச. சம்பந்தியம்மாகூடப் பேசணும். இன்னும் சம்பந்தி ஆகல."

"அதுக்கு எதுக்குப் பாச? எஞ் சம்பந்தி தமிழ்லதேன் பேசுறா. பத்து வருசமா ஒண்ணும் வெளங்கல."

உத்தமபாளையத்தில் அவள் இறங்கிப் போனதும் சிரிப்பும் இறங்கிவிட்டது. கம்பம் வந்தது, கூடலூர் வந்தது. லோயர் கேம்ப் தாண்டி, மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களை ஒட்டி மலை ஏறியபோது, படித்ததெல்லாம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கொட்டிப்போவதுபோல் இருந்தது.

ஆஞ்செலா அம்மா ஓட்டல் வாசலிலேயே நின்றிருந்தார். குள்ளமான உருவம், வீங்கிய பாதம், கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். கும்பிட்டேன். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால், இன்ஸ்பெக்டரின் வசனம் வந்து விழுந்தது: "நேற்று இரவு எங்கே இருந்தீர்கள்?"

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஓட்டலைக் காட்டி, கொசுவை அடிப்பதுபோல் கன்னத்தில் தட்டிக் காட்டினார். கேட்டதற்குப் பதில் சொல்கிறாராம். என் இத்தாலி விளங்கிவிட்டதே என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

திரும்பி வர வாடகைக் கார், போக வர ஆயிரத்து நானூறு ரூபாய். டிரைவர் மலையாளி. "சேச்சி இத்தாலியில எத்தன கொல்லம் இருந்தது?" என்றார். வருஷக் கணக்கில்லை, டிவியில் ஐந்து மாதம் என்றேன். திராட்சைப் பந்தல்களைப் பார்த்து அந்தம்மா "ஊவா" என்றார். நான் "திராட்சை" என்றேன். அதை அவர் கம்பம் வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் தெருவே கூடியிருந்தது. அந்தம்மா சாப்பிட்டார், செல்வத்தின் சட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் அவன் போட்டோவை உயர்த்திப் பிடித்து, மோதிர விரலைக் காட்டி, "மொல்யே?" என்றார். பெண்டாட்டி என்று அர்த்தம். தொடரில் நூறு தடவை கேட்ட சொல்.

"அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளான்னு கேக்காக" என்றேன்.

ராணி எங்கள் மாமன் மகள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முறைக்காரியாயிற்றே, வாய் சும்மா இருக்குமா? "நாந்தேன்" என்று கையைத் தூக்கினாள். "என்னைய விட்டுட்டுல்ல சீமைக்கு ஓடிப் போயிட்டாக" என்று தாலியையும் எடுத்துக் காட்டினாள். கூட்டம் சிரித்து உருண்டது. அந்தம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கைப்பையை எடுத்து எழுந்துவிட்டார்.

முறைப்பெண் கேலியை எந்தச் சிடியில் தேடுவது? சமையலில் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் குற்றம் சாட்டும் பேச்சுதான் உண்டு. கடைசியில் போட்டி நடத்துகிற மனிதர் செய்வதுபோல் கையைக் குறுக்கே வெட்டி, "ரிஸ்போஸ்தா ஸ்பால்யாத்தா" என்று கத்தினேன். தப்பான விடை. அதோடு விடாமல், அங்கே ஒலிக்கிற சங்கொலியையும் 'பூம்ம்' என்று வாயாலேயே ஊதினேன். வாசலில் நின்ற ராணி புருஷனை இழுத்து வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினேன். "மரீத்தோ" என்றேன். புருஷன். அவர் வெட்கப்பட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

அந்தம்மா அவரைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு ராணியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, அவரும் 'பூம்ம்' என்றார்.

நாலு மணிக்குக் கார் கிளம்பியது. ஏறப் போனவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ கேட்டார். மகள் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. டிவியில் யாரும் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். "ஸி" என்றேன். சரி. அவர் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனார். எதற்குத் தலையாட்டினோம், சீர் ஏதும் ஒத்துக்கொண்டோமா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் போன் செய்தான். "அக்கா, அவுக சம்மதிச்சுட்டாக. நீ கொடுத்த வாக்குக்காகத்தேன் சம்மதமாம்."

"என்ன வாக்குடா?"

"எம் மக அழுதா நீ கெளம்பி வருவியான்னு கேட்டாகளாம்ல. நீ வருவேன்னு சொன்னியாமே."

எங்கள் பக்கம் வருசநாட்டிலிருந்து போடிக்குப் பெண்ணைக் கொடுக்கிற தாயும் கேட்கிற கேள்விதான். இது கடல் தாண்டிய கேள்வி. குமுளி ஏறவே குலை நடுங்கியவள் நான். புரியாமல் சொன்னேன் என்று அவனிடம் சொல்லவில்லை. புரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.