செத்தவளை எழுப்பின ஊசி

மலாயாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஒன்பது வருஷமாக மருந்து கொடுத்து ஊசி போடும் டிரஸ்ஸர் வேலை பார்த்த முருகையாவுக்குக் காட்டுக்குள் துப்பாக்கியோடு அலைகிற கம்யூனிஸ்டுகளிடம்கூட அவ்வளவு பயமில்லை. தன் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நிற்கும் சனங்களின் வாயைக் கண்டுதான் பயம். அந்த வாய் உண்மையைத் தவிர எல்லாம் பேசும்.

பெனிசிலின் வந்த நாலு வருஷத்தில் மனுஷனுக்கு நிம்மதியே போய்விட்டது. தலைவலிக்கு ஊசி, வயிற்றுவலிக்கு ஊசி, புருஷன் அடித்தால்கூட ஊசி. மாத்திரையை நீட்டினால் மூஞ்சி சுண்டிவிடும். "சீழு காலுல இருக்கு, மாத்திர வயித்துக்குள்ள போயி என்னாங்க செய்யும்?" என்பார்கள். ஊசி போடுமுன் அவர் எல்லாரையும் கேட்பார்: முன்னே இதைப் போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா? ஒரு பாவிகூட ஆமாம் என்றதில்லை. ஆமாம் என்றால் ஊசி கிடைக்காது என்று லயம் முழுக்கத் தெரியும். வரிசையில் நிற்கும்போதே ஒருத்திக்கொருத்தி பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் காலை தாயம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். பால்வெட்டுக் கத்தி கணுக்காலில் பட்டுச் சீழ் கோத்துக் காய்ச்சல். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று அவசரகாலத்தில் சர்க்கார் சிதறிக் கிடந்த சனங்களை முள்வேலிக்குள் ஒன்று சேர்த்தபோது வேறு தோட்டத்திலிருந்து வந்தவள். அவள் பழைய வைத்தியத்தைப் பற்றி முருகையாவிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு தாயம்மா. இந்த ஊசி போட்டு அரிப்பு, தடிப்பு எதாச்சும் வந்திருக்கா?"

தாயம்மா வரிசையில் பின்னால் நின்ற லயத்துக்காரி செல்லத்தைத் திரும்பிப் பார்த்தாள். செல்லம் கண்ணைச் சிமிட்டினாள்.

"ஒண்ணுமே இல்லீங்க."

போட்டார். அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தாயம்மா உள்ளங்கையைச் சொறிந்தாள். உதடு வீங்கியது, மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. செல்லம் ஐயோ ஐயோ என்று அலறிக்கொண்டே அவளைத் தாங்கிப் படுக்க வைத்தாள். முருகையா எப்போதும் தட்டில் தயாராக வைத்திருக்கும் அட்ரினலின் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி அவள் புஜத்தில் குத்தினார்.

மெல்ல மூச்சு திரும்பியது.

"சொல்லித் தொலை. முன்னாடி வந்துச்சா இல்லியா?"

"போன வருசம் மூஞ்சி வீங்கிச்சுங்க. சொன்னா போட மாட்டீங்கன்னுதான்..."

முருகையா தலையில் அடித்துக்கொண்டார். வீக்கம் திரும்ப வரலாம், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும். லாரியில் அவளைக் கிடத்தி, இன்னொரு அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் எடுத்துக்கொண்டு ஏறினார். கேட்டில் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வண்டியை மறித்தான். சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று துழாவியவன் கண்ணில் குப்பி பட்டுவிட்டது. பெர்மிட் இல்லாமல் மருந்து வேலியைத் தாண்டக் கூடாது, காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்றான். முருகையா கெஞ்சினார், கத்தினார். அவன் அசைந்தால்தானே! அதற்குள் தாயம்மாவின் தொண்டை மறுபடி இறுகியது. முருகையா அவன் கண்முன்னாலேயே குப்பியை உடைத்து ஊசியை ஏற்றினார்.

"இந்தா, உன் மருந்து வெளிய போகல. அவ உடம்புக்குள்ள போயிருச்சு. தெறடா கேட்டை!"

திறந்தான். தாயம்மா பிழைத்தாள். நாலு நாள் கழித்து அவள் திரும்பி வந்ததும் அவள் சீட்டில் சிவப்பு மையால் 'பெனிசிலின் ஆகாது' என்று பெரிதாக எழுதிக் கையில் கொடுத்தார்.

மறுநாள் வரிசையில் முதல் ஆள் செல்லம். இருமல்.

"அன்னிக்கு எல்லாத்தையும் பாத்தேல்ல?"

"பாத்தேங்க. எனக்கே உசுரு போயி வந்துச்சு."

"அப்ப மறைக்காம சொல்லு."

செல்லம் தலையைக் குனிந்தாள். "எனக்கும் ஒருவாட்டி ஒடம்பெல்லாம் தடிச்சுச்சுங்க."

முருகையாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு வருஷத்தில் ஒருத்தி வாயிலிருந்து உண்மை வந்திருக்கிறது! மாத்திரை டப்பாவை எடுக்கத் திரும்பினார்.

"அதனால எனக்கு அந்த ஊசி வேணாங்க," என்றாள் செல்லம். "தாயம்மாவுக்கு ரெண்டாவதா குத்துனீங்களே, செத்தவளை எழுப்பின ஊசி. அதையே போட்டு விடுங்க லா."

அவளுக்குப் பின்னால் நின்ற பதினேழு பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.